நாலு வயசுப் பாப்பாவுக்குக் கண்ணாடி, 6,800 ரூபாய் சொல்கிறார்கள்: குறைந்த விலையில் நல்லதாக வாங்க வழி உண்டா?

காங்கேயத்துக்காரி | திங்கள், இரவு 9.40

வணக்கமுங்க. ஊர் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். பாப்பாவுக்கு ஆவணியோடு நாலு வயது முடிந்தது.

ஆடியில் சிவன்மலைக்குப் போனபோது எடுத்த போட்டோவில் அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கித் தெரிந்தது. போன் கேமராவைக் குறை சொல்லிவிட்டு விட்டுவிட்டோம். அப்புறம் கவனித்துப் பார்த்தால் பொழுதோட தூக்கம் வருகிற நேரத்தில், பொம்மையைக் கிட்டே வைத்து விளையாடுகிற நேரத்தில் எல்லாம் அந்தக் கண் உள்ளே போகிறது. பாப்பாவின் அம்முச்சி "மாறுகண் அதிர்ஷ்டம், விடு கண்ணு" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூன்று நாள் கண்ணில் களிம்பு போட வைத்து, நாலாம் நாள் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பிளஸ் பவர், இடது கண்ணில் கூடுதல், தூங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு திருப்பூரில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். ஃபிரேம் 2,900, லென்ஸ் 3,900, மொத்தம் 6,800. "குழந்தை கண்ணுங்க, இதுல போய் கணக்குப் பார்ப்பீங்களா?" என்று அந்தக் கடைப் பெண் கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்துவிட்டோம். பஸ்ஸில் படியூர் தாண்டும் வரைக்கும் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்த காசு இருக்கிறது, ஆனால் அது வேறு கடனுக்குப் பேசி வைத்தது.

குறைந்த விலைக்கு வாங்கினால் கண்ணுக்குக் கெடுதலா? ஏ பி சி டி கூட தெரியாத பொடுசுக்கு டாக்டர் பவரை எப்படிக் கண்டுபிடித்தார், அது சரியாகத்தான் இருக்குமா? வீட்டில் எல்லாரும் "பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல்கரை | திங்கள், இரவு 10.05

வெட்கப்பட ஒன்றுமில்லைங்க, கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். இந்த வயதில் எப்படியும் வருடம் ஒரு கண்ணாடி ஆகும். சீட்டில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்க. கண்ணாடி வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் இங்கே வருவார்.

காங்கேயத்துக்காரி | திங்கள், இரவு 10.12

வலது +4.50. இடது +6.00, பக்கத்தில் −1.00, அதற்குப் பக்கத்தில் 180. கீழே பிடி 48 என்று இருக்கிறது. இதெல்லாம் என்னவென்றே எனக்குத் தெரியாதுங்க.

ஃபிட்டிங் வேலைக்காரன் | செவ்வாய், காலை 6.30

ஈரோட்டில் இருபது வருடமாக லென்ஸ் அறுத்து ஃபிரேமில் உட்கார வைக்கிற வேலை. கடை என்னுடையது இல்லை, அதனால் யாருக்கும் விளம்பரம் செய்ய வேண்டிய தேவை எனக்கு இல்லை.

சீட்டு நல்ல சீட்டு. பிடி 48 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அதுவே பெரிய விஷயம். ஒரு கருவிழி நடுவிலிருந்து மறு கருவிழி நடு வரைக்கும் 48 மில்லிமீட்டர் என்று அர்த்தம். லென்ஸின் நடுப்புள்ளி அந்த இடத்தில்தான் வர வேண்டும். பவர் குறைவாக இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போனாலும் தெரியாது. 5 பவர் லென்ஸில் நடுப்புள்ளி 4 மில்லி தள்ளிப் போனால் 2 பிரிசம் (பார்வை விலகுவதை அளக்கிற கணக்கு) அளவுக்குப் பார்வையை ஒரு பக்கம் இழுக்கும். ஏற்கெனவே உள்ளே போகிற கண்ணுக்கு அது வேண்டாத சுமை.

இப்போது ஃபிரேம். கடையில் எதை எடுத்தாலும் காதுக்கம்பியின் உள்பக்கம் மூன்று எண் இருக்கும். உதாரணமாக 38, 14, 115. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம், மூன்றாவது கம்பியின் நீளம். முதல் இரண்டையும் கூட்டுங்கள், 52. பாப்பாவின் கண் தூரம் 48. வித்தியாசம் 4, அப்படியானால் பக்கத்துக்கு 2 மில்லி உள்ளே தள்ளி ஃபிட்டிங் செய்தால் போதும். இதையே 46, 16 என்று எடுத்தால் 62 வரும். பக்கத்துக்கு 7 மில்லி தள்ள வேண்டும். அதற்குப் பெரிய லென்ஸ் வேண்டும், பிளஸ் பவர் என்பதால் நடுவில் தடிக்கும், எடை கூடும், மூக்கிலிருந்து வழுக்கும். வழுக்கினால் குழந்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும். காசு போட்டு வாங்கிய பவர் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

சட்டை வாங்குகிற மாதிரி "வளர்ற புள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்று வீட்டில் சொல்வார்கள். சட்டைக்குச் சரி, கண்ணாடிக்கு வேண்டாம். சின்ன வட்ட ஃபிரேம் எடுத்தால் லென்ஸ் மெலிசாக வரும், விலையும் ஏறாது. ஆர்டர் கொடுக்கும்போது "சின்ன விட்டத்து லென்ஸாகச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வேலை தெரிந்த கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் மரியாதையாகப் பேசுவார்.

லென்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக்கைவிட எடை குறைவு, விழுந்தாலும் பந்து பட்டாலும் சில்லாக உடையாது. அதில் கீறல் சீக்கிரம் விழும் என்பதால் ஹார்டு கோட்டிங் சேர்ந்தே இருக்க வேண்டும். இந்தப் பவருக்கு நாங்கள் ஜோடி 1,200, 1,400 என்றுதான் போடுகிறோம். ஃபிரேம் 400, 500-க்கே நல்ல வளையும் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. மீதியெல்லாம் கடையின் ஏசிக்கும் ஃபிரேமில் ஒட்டியிருக்கிற கார்ட்டூனுக்கும் போகிற காசு.

தாராபுரம் டீச்சர் | செவ்வாய், காலை 8.15

சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் போதாதா அண்ணா? என் பையனுக்கு அதுதான் போட்டோம், இரண்டு வருடமாக உடையவில்லை. ஜோடி 500 ரூபாய்தான் ஆனது.

ஃபிட்டிங் வேலைக்காரன் | செவ்வாய், மதியம் 1.50

உங்கள் பையனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறதென்றால் அதை வைத்து ஓட்டலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். இந்தப் பாப்பாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறது. நன்றாகத் தெரிகிற கண்ணில் ஒரு அடி பட்டுவிட்டால் பதிலுக்கு இன்னொன்று இல்லை. அதனால்தான் ஒரு கண் பலவீனமாக இருக்கிறவர்களுக்கு, பெரியவர்களானாலும், பாலிகார்பனேட் என்று கண் டாக்டர்களே வற்புறுத்துகிறார்கள். 800 ரூபாய் வித்தியாசம் இதற்கு மட்டும்.

பொள்ளாச்சி அப்புச்சி | செவ்வாய், மாலை 5.20

எங்க காலத்தில் நாலு வயசுக்கு யார் கண்ணாடி போட்டார்கள்? எனக்கு எழுபத்தி மூணு, இன்னும் தினசரிப் பேப்பர் படிக்கிறேன். பொன்னாங்கண்ணிக் கீரை, முருங்கைக்கீரை, ரெண்டு பேரீச்சம்பழம் கொடுத்து, தோப்பில் ஓட விடுங்கள். இப்போதே கண்ணாடியை மாட்டிவிட்டால் கண் அதற்கே பழகிச் சோம்பேறியாகிவிடும். பொட்டப்புள்ளை வேறு.

ஜமக்காளம் | செவ்வாய், இரவு 9.05

அப்புச்சி, கோபித்துக்கொள்ளாதீங்க. சோம்பேறிக் கண் என்றால் என்னவென்று நான் சொல்கிறேன், என்னிடம் ஒன்று இருக்கிறது.

எனக்குப் பவானி. அப்பாவோடு தறிக்குழியில் உட்கார்ந்து வளர்ந்தவன். பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்கு மெடிக்கல் போனபோது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். எதிரே பலகையே இல்லை, ஒரு வெள்ளை மூட்டம் மட்டும் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அந்த நர்ஸ் அதட்டினார். அன்றைக்கு வரைக்கும் எனக்கு ஒரு கண்தான் பார்க்கிறது என்று எனக்கே தெரியாது. மாறுகண்ணும் இல்லை, வலியும் இல்லை. பவர் கூடுதலாக இருந்த கண் அனுப்புகிற மங்கல் படம் வேண்டாம் என்று மூளை சின்ன வயதிலேயே தள்ளிவிட்டது. டாக்டர் லென்ஸ் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எதை வைத்தாலும் தெளியவில்லை. "ஏழெட்டு வயசுக்குள்ள வந்திருந்தா கண்ணாடியிலயே முக்கால்வாசி கொண்டு வந்திருக்கலாம் தம்பி" என்றார். வேலை கிடைக்கவில்லை.

இப்போதும் டம்ளரில் டீ ஊற்ற வேண்டுமென்றால் பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத்தான் ஊற்றுவேன். தூரம் பிடிபடாது. வீட்டில் அதைக் கேலி செய்வார்கள், நானும் சிரித்துக்கொள்வேன்.

காங்கேயத்து அம்மிணி, பள்ளிக்கூடம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பாப்பாவுக்கு அந்தக் கண் உள்ளே போனது நல்லதுக்கே. அதனால்தான் நாலு வயதில் பிடித்தீர்கள்.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், இரவு 10.30

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன், கண் பிரிவில் வேலை. படிக்கத் தெரியாத குழந்தைக்கு எப்படிப் பவர் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். டாக்டர் ஒரு சின்ன விளக்குக் கருவியைக் கண்ணுக்கு நேராக அசைத்து அசைத்துப் பார்த்திருப்பார், நடுநடுவே கையில் லென்ஸ் மாற்றியிருப்பார். கண்ணுக்குள் போன வெளிச்சம் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். குழந்தை ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. ஆறு மாதக் குழந்தைக்கும் இப்படித்தான் பார்க்கிறோம்.

அந்த மூன்று நாள் களிம்பும் அதற்குத்தான். சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குள் இருக்கிற தசையை இறுக்கிப் பிடித்துப் பார்வையைச் சமாளித்துவிடுவார்கள். பிளஸ் பவரில் நிறைய அதில் ஒளிந்துகொள்ளும். களிம்பு போட்டுத் தசையைத் தளர்த்தினால்தான் முழுப் பவரும் வெளியே வரும். எனவே களிம்போ சொட்டு மருந்தோ போடாமல், கடையில் மிஷினில் தாடையை வைத்து இரண்டு நிமிடத்தில் எடுக்கிற பவரை இந்த வயதுக்கு நம்பாதீர்கள். ஃபிரேமில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம், இந்தப் பரிசோதனையை மிச்சம் பிடிக்கக் கூடாது. நீங்கள் அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

களிம்பின் வேலை சிலருக்கு இரண்டு வாரம் வரைக்கும் இருக்கும். வெயிலில் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கும். தொப்பி போட்டுக் கூட்டிப்போங்கள்.

அப்புச்சிக்கு ஒரு வார்த்தை: கீரை நல்லது, மாலைக்கண் வராமல் காக்கும், கட்டாயம் கொடுங்கள். பாப்பாவுக்கு இருப்பது கண் உருண்டை கொஞ்சம் குட்டையாக இருப்பதால் வருகிற பவர். அதைக் கீரை நீட்டாதுங்க.

பொள்ளாச்சி அப்புச்சி | புதன், காலை 6.10

சரி சாமி, ஒத்துக்கிறேன். பவானித் தம்பி எழுதியதைப் படித்தேன். எங்க பேரன் டிவிக்கு ஒட்டி உட்காருகிறான், அவனையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.

சரவணம்பட்டி | புதன், காலை 10.40

நான் ஐடி, வீட்டில் ஏழு வயதுப் பெண். ஆன்லைனில் வாங்கினால் பாதி விலைதான். ஃபிரேமும் லென்ஸும் சேர்த்து 1,100-க்கு முடித்தேன். நீல வெளிச்சத்தைத் தடுக்கிற ப்ளூ கட் கோட்டிங்கும் அதிலேயே வந்தது. போன் பார்க்கிற குழந்தைகளுக்கு ப்ளூ கட் அவசியம் இல்லையா?

ஃபிட்டிங் வேலைக்காரன் | புதன், மதியம் 2.15

ப்ளூ கட்டில் எங்கள் கடைக்கும் லாபம் உண்டு, அதனால் நான் சொல்வதை நம்பலாம்: தேவையில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் அகாடமியே அதைப் பரிந்துரைப்பதில்லை. போனைப் பிடுங்கி வைப்பதற்குக் காசு எதுவும் இல்லை.

ஆன்லைன் பற்றி: உங்கள் பெண்ணுக்கு மைனஸ் ஒன்று, ஒன்றரை என்றால் பரவாயில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு +6-ஐத் தபாலில் வரவழைப்பதற்கு எனக்குத் துணிச்சல் வராது. ஃபிரேம் மூக்கில் எங்கே உட்கார்கிறது, கண் லென்ஸின் எந்த இடத்தில் வருகிறது, கம்பி காதுக்குப் பின்னால் எங்கே வளைய வேண்டும் என்பதைக் குழந்தையை எதிரே உட்கார வைத்துத்தான் பார்க்க முடியும். மூக்குத்தண்டு இன்னும் எழும்பாத வயது. தனித்தனியாக ஆடுகிற மூக்குப் பேட் வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் மெத்தென்று உட்காரும் சிலிகான் பாலம் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை 50 ரூபாய், அதையும் கேட்டு வாங்குங்கள்.

சரவணம்பட்டி | புதன், மதியம் 2.40

மைனஸ் 1.25தான். பிடி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது அண்ணா, அவர்கள் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் ஆர்டர் போட்டேன். இன்றைக்குப் பொழுதோட பக்கத்துக் கடையில் காட்டிவிடுகிறேன்.

அங்கன்வாடி அக்கா | புதன், மாலை 6.00

இதை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பாப்பா அங்கன்வாடிக்குப் போகிறாளா? 2013 முதல் ஆர்பிஎஸ்கே என்கிற தேசியச் சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு வண்டியில் வந்து அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளியில் ஒரு முறையும் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் உண்டு. கண்ணில் குறை தெரிந்தால் எழுதிக் கொடுத்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிற திட்டமும் அரசில் இருக்கிறது. அடுத்த முறை வண்டி வரும்போது டாக்டர் சீட்டைக் காட்டி உங்கள் பெயரைப் பதிந்து வையுங்கள். இப்போதைய கண்ணாடிக்காக அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், இரண்டாவது கண்ணாடிக்கு உதவும்.

நொய்யல்கரை | புதன், மாலை 6.25

கோயம்புத்தூர் போக வர முடிந்தவர்களுக்கு: அவினாசி ரோட்டில் அரவிந்த், சத்தி ரோடு சிவானந்தபுரத்தில் சங்கரா, இந்த இரண்டு கண் மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. அரவிந்துக்குத் திருப்பூரிலும் உடுமலையிலும் கிளை உண்டு, காங்கேயத்திலிருந்து திருப்பூர்தான் பக்கம். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே கண்ணாடிக் கடை இருக்கிற இடமாகப் போனால் ஒரு சௌகரியம். ஃபிட்டிங் சரியில்லை என்றால் சீட்டு எழுதியவரிடமே காட்டிக் கேட்கலாம், "அது டாக்டர் தப்பு", "அது கடைக்காரர் தப்பு" என்று பந்தாடுவது இருக்காது.

ஆடிட்டர் ஆபீஸ் | புதன், இரவு 7.50

பில் கேட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய விலைச் சீட்டை வைத்துக்கொண்டு வரியைக் கூட்டிச் சொன்னால் கேளுங்கள்.

காங்கேயத்துக்காரி | ஞாயிறு, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றிங்க. பவானி அண்ணன் எழுதியதை வீட்டுக்காரருக்கும் என் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். டீ ஊற்றுகிற இடம் வந்ததும் அத்தை எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்து வந்து கொடுத்தார். "பொட்டப்புள்ளைக்குக் கண்ணாடியா" என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

நேற்று வேறொரு சின்னக் கடைக்குப் போனோம். ஃபிரேமைக் கையில் எடுத்ததும் நான் உள்பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். கடைக்காரர் "யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். 38, 14, 115 அப்படியே கிடைத்தது, ஊதா நிறம், பாப்பாவே தேர்ந்தெடுத்தாள். ஃபிரேம் 500, பாலிகார்பனேட் லென்ஸ் கோட்டிங்கோடு 1,300, பட்டை 50. மொத்தம் 1,850. அதே மாடலில் இன்னொரு வெறும் ஃபிரேமையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்று உடைந்தால் லென்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

லென்ஸ் வந்ததும் பவரைச் சரிபார்த்துத் தரச் சொல்லலாமா? கேட்டால் தப்பாக நினைப்பாரா?

ஃபிட்டிங் வேலைக்காரன் | ஞாயிறு, இரவு 9.20

தாராளமாகக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அதற்கு மிஷின் இருக்கும். முடிந்தால் வேறு கடையிலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், பழக்கமிருந்தால் காசு வாங்க மாட்டார்கள்.

பனியன் கட்டிங் | திங்கள், காலை 7.00

கண்ணாடி துடைக்கிற கதை ஒன்று. முந்தானையில், பாவாடை ஓரத்தில் துடைக்க விடாதீங்க. நம்ம ஊர் மண் காற்றில் லென்ஸ் மேல் தூசி உட்கார்ந்திருக்கும், வறட்டுத் துணியால் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி கீறும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பை விரலில் தடவி அலசி, அப்புறம் துடைக்கணும். துணிக்கு எங்கள் கம்பெனியில் விழுகிற காட்டன் பனியன் வெட்டுத்துண்டு மாதிரி எதுவும் வராது, புதுசாக இருந்தால் ஒரு தடவை துவைத்துவிடுங்க, பஞ்சு ஒட்டும். என் பெண்ணின் பள்ளிக்கூடப் பையில் நாலு துண்டு எப்போதும் கிடக்கும்.

காங்கேயத்துக்காரி | சனி, மதியம் 12.30

அண்ணா, அவசரம். கண்ணாடி வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி இன்னொரு கடையில் மிஷினில் வைத்துப் பார்த்தோம். வலது கண் சரியாக +4.50 வந்தது. இடது கண்ணுக்கு +5.00, +1.00, 90 என்று காகிதம் வருகிறது. சீட்டில் +6.00, −1.00, 180. எல்லா எண்ணும் மாறியிருக்கிறது. தப்பான லென்ஸ் போட்டு ஏமாற்றிவிட்டார்களா? வீட்டுக்காரர் கடைக்குச் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்.

ஃபிட்டிங் வேலைக்காரன் | சனி, மதியம் 12.41

அவரை நிறுத்துங்க! இரண்டும் ஒரே லென்ஸ்தான்.

சீட்டில் +6.00-க்குப் பக்கத்தில் இருக்கிற −1.00தான் சிலிண்டர் பவர், 180 அது நிற்கிற கோணம், அதை ஆக்சிஸ் என்போம். சிலிண்டர் பவரை இரண்டு விதமாக எழுதலாம். +6.00-ஓடு −1.00-ஐக் கூட்டுங்கள், +5.00. சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், +1.00. ஆக்சிஸ் 180-ஐ 90 டிகிரி திருப்புங்கள், 90. மிஷின் காகிதத்தில் இருப்பது அதேதான். டாக்டர் மைனஸ் முறையில் எழுதியிருக்கிறார், அந்தக் கடை மிஷின் பிளஸ் முறையில் காட்டுகிறது. லென்ஸ் துல்லியமாக வந்திருக்கிறது.

காங்கேயத்துக்காரி | சனி, மதியம் 12.55

படியூரில் வண்டியை நிறுத்திப் போனை எடுத்தார். திரும்பி வருகிறார். ரொம்ப நன்றிங்க அண்ணா.

தாராபுரம் டீச்சர் | சனி, மாலை 4.10

போட்டுக்கொள்கிறாளா? என் பையன் முதல் வாரம் முழுக்க ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியில் போட்டுப் போட்டு எடுத்தான். காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே மாட்டிவிட ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தான்.

காங்கேயத்துக்காரி | செவ்வாய், இரவு 9.15

பத்து நாள் ஆகிவிட்டது. முதல் இரண்டு நாள் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். அத்தை தன்னுடைய கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், அதற்கப்புறம் கழற்றுவதில்லை. போட்டிருக்கும்போது கண் நேராக நிற்கிறது, எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் ஒரு வெசனம். குளிப்பாட்டுவதற்குக் கழற்றினால் இடது கண் முன்னைவிட அதிகமாக உள்ளே போகிறது. கண்ணாடி போட்டதால் கூடிவிட்டதா?

வார்டு சிஸ்டர் | செவ்வாய், இரவு 9.50

எங்களிடம் பாதித் தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பி வருவார்கள். கூடவில்லைங்க. இத்தனை நாள் அவள் எதைப் பார்க்க வேண்டுமானாலும் கண்ணை இறுக்கித்தான் பார்த்தாள், அந்த இறுக்கம்தான் கண்ணை உள்ளே இழுத்தது. இப்போது அந்த வேலையைக் கண்ணாடி செய்கிறது, கண் தளர்ந்து பழகிவிட்டது. கழற்றியதும் திடீரென்று மறுபடி முழு வேகத்தில் இறுக்குகிறாள். அதுவும் போட்டிருக்கும்போது நேராக நிற்பதைப் பார்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

டாக்டர் சொன்ன தேதிக்குத் தவறாமல் போங்கள். கொஞ்ச மாதம் கண்ணாடி மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, இடது கண் இன்னும் பின்தங்கியிருந்தால் பிளாஸ்திரி மாதிரி ஒரு மறைப்பை வலது கண்ணில் ஒட்டச் சொல்லலாம். ஒட்டச் சொன்னால் தோலின் மேல் ஒட்டி அதற்கு மேல் கண்ணாடி போடுங்கள். லென்ஸின் மேல் ஒட்டினால் பொடுசுகள் ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

காங்கேயத்துக்காரி | செவ்வாய், இரவு 10.02

இப்போதுதான் மூச்சு வருகிறது. இன்னொன்று, சின்ன விஷயம்தான். பாப்பா கண்ணாடியைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டிவிட்டு, கம்பியை விரித்து விரித்து மடக்குகிறாள். வலது பக்க ஸ்க்ரூ லூசாகிக்கொண்டே இருக்கிறது. தையல் மிஷின் ஸ்க்ரூ டிரைவரில் தினமும் முடுக்குகிறேன்.

ஃபிட்டிங் வேலைக்காரன் | புதன், காலை 6.20

ரொம்ப முடுக்காதீங்க, மரை தேய்ந்துவிடும். அளவாக முடுக்கிவிட்டு ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வையுங்கள், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். பொம்மைக்கு லென்ஸ் இல்லாத பழைய ஃபிரேம் ஒன்று கேட்டால் அந்தக் கடைக்காரர் சும்மாவே கொடுப்பார்.

காங்கேயத்துக்காரி | புதன், இரவு 8.30

வைத்தாச்சுங்க அண்ணா. வீட்டில் சிவப்புதான் இருந்தது. ஊதா ஃபிரேமில் ஒரு பக்கம் மட்டும் சிவப்புப் பொட்டு மாதிரி தெரிகிறது. இப்போது இன்னொரு பக்கமும் வேண்டுமாம், பொம்மைக்கும் வேண்டுமாம்.